நான்கு பேருக்கு ஓர் அறை

வெனிஸில் ஒரு சின்னக் கால்வாயைப் பார்த்த ஜன்னலோடு அறை கிடைத்துவிட்டது, நாற்பதாவது கல்யாண நாளுக்கு மூன்று நாள், தானும் க்ளைவும் மட்டும் என்ற நினைப்பில் பெவர்லி படுக்கப் போனதோடு போன வாரம் நின்றோம். அந்த நிம்மதி சனிக்கிழமைக் காலைத் தேநீர் ஆறும்வரைகூட நிற்கவில்லை.

"பெவ், கோபப்படாம கேளு," என்றான் க்ளைவ்.

அவன் இப்படி ஆரம்பித்த எந்தப் பேச்சும் இதுவரை நல்ல இடத்தில் முடிந்ததில்லை. பெவர்லி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கேட்டுட்டு முடிவு பண்றேன்."

"ட்ரெவரும் இவோனும் வர்றாங்க."

"சாயங்காலமா? சனிக்கிழமைன்னா வர்றதுதானே."

"சாயங்காலமும் வர்றாங்க. வெனிஸுக்கும் வர்றாங்க."

கத்தி வெண்ணெயில் நின்றது.

"யார் கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. கிளப்புல பேச்சுவாக்குல சொல்லிட்டேன். அண்ணன் அன்னிக்கே நம்ம விமானத்துலயே ரெண்டு சீட் எடுத்துட்டாரு. உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு."

"ஆச்சரியமாத்தான் இருக்கு."

ட்ரெவர் க்ளைவுக்கு ஆறு வயது மூத்தவர். பஸ் டிப்போவில் தம்பிக்கு வேலை வாங்கித் தந்தவர். இருவரும் ஓய்வு பெறும்வரை தம்பி எந்த வழித்தடத்தில் ஓட்ட வேண்டும், எந்த நேரத்து வண்டியைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையெல்லாம் அவரே தீர்மானித்தார். கல்யாணமான புதிதில், பெவர்லியும் க்ளைவும் தேனிலவுக்கு என்று ரில் கடற்கரையில் தங்க ஒரு கேரவன் வண்டி எடுத்திருந்தார்கள். இரண்டாம் நாள் காலை கதவைத் திறந்தால் ட்ரெவர் நிற்கிறார். ஒரு கையில் மனைவி இவோன், ஒரு கையில் மடக்கு நாற்காலி. "வெயில் நல்லா அடிக்குது, நீங்க ரெண்டு பேரும் தனியா என்ன பண்ணுவீங்கன்னு வந்தோம்" என்றார். அன்று தொடங்கியது. எந்த ஊர், எந்தக் கடற்கரை போனாலும் அவர்கள் கூடவே.

பெவர்லி கத்தியைக் கீழே வைத்தாள்.

"சரி. வர்றவங்க வரட்டும். அவங்க அவங்க ரூம்ல, நாம நம்ம ரூம்ல. ஒரு நாள் வேணா சேர்ந்து சாப்பிடலாம்."

க்ளைவ் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினான்.

"க்ளைவ்."

"அந்த ரூமை விட்டாச்சு."

"யார் விட்டது?"

"நான்தான். நேத்து நீ வேலைக்குப் போயிருந்தப்ப. அண்ணன் வேற ஒண்ணு பார்த்திருக்காரு. வெனிஸ்ல இல்ல. இந்தப் பக்கம் கரையில, மெஸ்த்ரேன்னு ஒரு இடம். ரயில்ல பத்து நிமிஷம்தானாம். காலைச் சாப்பாடு சேர்த்து. பக்கத்துலயே பஸ் டிப்போ."

"பஸ் டிப்போவா."

"ஜன்னல்லேருந்தே தெரியுமாம்."

"தண்ணிக்கு நடுவுல இருக்கிற ஊருக்குப் போய், பஸ் டிப்போவைப் பாத்துக்கிட்டுப் படுக்கணும். இன்னும் என்ன இருக்கு? உன் முகத்தப் பார்த்தா இன்னும் இருக்கு."

"நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ரூம்." அவன் அவசரமாகத் தொடர்ந்தான். "பெரிய ரூம் பெவ். ரெண்டு பெரிய கட்டில். நடுவுல திரை மாதிரி ஏதோ இருக்காம்."

பெவர்லி எழுந்து ரொட்டித் தட்டை அப்படியே குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். ரொட்டியோடு தட்டும் போயிற்று. தட்டைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. அது வேறு எரிச்சல்.

"நாற்பதாவது கல்யாண நாளுக்கு உங்க அண்ணன் குறட்டைய திரைக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேக்கணும். அப்படித்தானே?"

"உனக்கு எதுவானாலும் பரவாயில்லன்னு நினைச்சேன். நீ எப்பவும் அப்படித்தானே சொல்லுவ."

அது உண்மை. அதனால்தான் கூடுதலாகச் சுட்டது. வட இங்கிலாந்தில், இந்த ஓல்டமில் வளர்ந்த பெண் எவளும் எனக்கு இதுதான் வேண்டும் என்று மூஞ்சிக்கு நேரே கேட்பதில்லை. எதுவானாலும் சரி, உங்களுக்கு எது வசதியோ அது என்பாள். மனசில் இருப்பதை எதிராளி தானாகக் கண்டுபிடித்துக்கொள்வான் என்று காத்திருப்பாள். பெவர்லியும் காத்திருந்தாள், கேரவன் கேரவனாக.

"இந்தத் தடவை நான் அப்படிச் சொல்லல. நாம ரெண்டு பேர் மட்டும்னு வாயத் திறந்து சொன்னேன். இதே மேசைல. நீ தலையாட்டின."

"ஆட்டினேன்."

"அப்புறம் கிளப்புக்குப் போய் அவர்கிட்டயும் ஆட்டின."

க்ளைவ் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தான். தலையை ஆட்டவில்லை.

*

பார்லரில் கேய்னர் பெவர்லியின் தலைமுடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து, சாயம் தடவி, வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள்.

"ஏய், சிரிக்காத. நான் எரிஞ்சிக்கிட்டு இருக்கேன்."

"இல்ல, அந்தத் திரை. அதை நினைச்சா." கேய்னர் சீப்பால் வாயை மறைத்துக்கொண்டாள். "சரி, ட்ரெவர்கிட்டயே நேரா சொல்லேன், வராதீங்கன்னு."

"க்ளைவ் சொல்லணும். அவன் அண்ணன். நான் சொன்னா குடும்பத்தப் பிரிச்சவ ஆயிடுவேன். நாற்பது வருஷமா அவனுக்குப் பொண்டாட்டியா இருக்கேன் கேய்னர். ஆனா ட்ரெவர் உள்ள நுழைஞ்சதும் அவன் புருஷனா இருக்கறதில்ல, தம்பியாயிடறான். ஒரு மூணு நாள், அந்தத் தம்பி இல்லாம அவன் எப்படி இருப்பான்னு பாக்கணும். அவ்வளவுதான் நான் கேட்டது."

கேய்னர் சற்று நேரம் வெள்ளித்தாளோடு மல்லுக்கட்டினாள். பிறகு, "எப்படியோ போ. பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்துக்கோ. எங்க கதை ஞாபகம் இருக்கில்ல?" என்றாள்.

"திருப்பி அனுப்பினாங்கன்னு சொன்ன. ஏன்னு புரியல."

"எனக்கே அன்னிக்குப் புரியல. பாஸ்போர்ட்ல முடியற தேதி அடுத்த ஜனவரி. நல்லாத்தானே இருக்கு? விமானத்துக்கிட்ட நிக்கிற பொண்ணு அதைப் பாக்கவே இல்ல. குடுத்த தேதியப் பாக்குது. பத்து வருஷம் தாண்டிடுச்சு, ஏத்த முடியாதுங்குது. முன்னெல்லாம் சீக்கிரமா புதுப்பிச்சா, பழசுல மிச்சம் இருக்கிற மாசத்தையும் சேர்த்துப் போட்டுக் குடுப்பாங்கல்ல? அந்த மிச்ச மாசம் ஐரோப்பாக்காரனுக்குக் கணக்கில்ல. நாம ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய வந்ததுக்கு அப்புறம் அவன் பத்து வருஷத்தோட நிறுத்திக்கிறான்."

"அதெப்படி நமக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. கைல பை, தலைல தொப்பி, கால்ல செருப்பு. அப்படியே டாக்ஸி பிடிச்சு வீட்டுக்கு. மழை வேற. எங்க வீட்டு மனுஷன் செவ்வாய்க்கிழமை வரைக்கும் அந்தத் தொப்பியக் கழட்டல."

அப்போது பெவர்லியும் சிரித்தாள். அவளுடைய பாஸ்போர்ட்டும் க்ளைவுடையதும் போன வருடம் எடுத்தவை. பயமில்லை. வீடு திரும்பும்போது பேச்சையே மறந்துவிட்டாள். கோபம் மட்டும் மறக்கவில்லை.

*

சாயங்காலம் ட்ரெவர் மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். காகிதப் பொட்டலங்களை மேசையில் வைத்து அவரே பிரித்தார். யாருக்கு எந்த மீன் என்பதையும் அவரே சொன்னார்.

"இவோனுக்குச் சின்னது. ராத்திரி அவளுக்குச் சேராது. பெவ், உனக்குப் பட்டாணி மசியல் வாங்கல. நீ போன வாரம் பாதி வச்சிட்ட."

"போன வாரம் உங்க பேச்சக் கேட்டுக்கிட்டு இருந்ததுல ஆறிப்போச்சு."

"பார்த்தியாடா க்ளைவ், உன் பொண்டாட்டி வாய." அவர் சந்தோஷமாகவே சிரித்தார். கோபக்காரராக இருந்தால்கூட ஒருவகையில் சமாளிக்கலாம். ட்ரெவர் எப்போதும் சந்தோஷமாக இருப்பவர். அடுத்தவர் விரும்பியது எதையாவது தட்டிப் பறிக்கும்போதும் முகம் மலர்ந்தே இருக்கும்.

வினிகர் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே பயணத் திட்டத்தை விவரித்தார். முதல் நாள் ரயில். அங்கே இறங்கியதும் மணிக்கூண்டு. வரிசை நீளமாக இருக்கும், அதனால் விடியற்காலையே கிளம்ப வேண்டும். கோண்டோலாப் படகுச் சவாரி கிடையாது.

"ஏன் கிடையாது?" என்றாள் பெவர்லி.

"அரை மணி நேரம் தண்ணில உக்கார அந்தக் காசா? பாலத்து மேல நின்னா எல்லாப் படகும் நம்ம காலுக்குக் கீழதான் போகுது. சும்மா பார்த்துக்கலாம். பாட்டும் கேக்கும்."

"எனக்கு ஆசையா இருக்கு."

"அங்க போனதும் உனக்கே தோணும் பாரு, நான் சொன்னது சரின்னு."

பெவர்லி க்ளைவைப் பார்த்தாள். க்ளைவ் மீன்முள்ளை மிகுந்த கவனத்தோடு எடுத்துக்கொண்டிருந்தான். அந்த மீனில் முள்ளே கிடையாது.

சாப்பிட்டு முடித்ததும் ட்ரெவர் ரொட்டி வைக்கும் ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் போட்டார். உள்ளே இரண்டு பாஸ்போர்ட்.

"வழக்கம்போல விமானத்துக்கு நீயே பதிஞ்சிடு பெவ். நமக்கு அந்தக் கம்ப்யூட்டர் எழவெல்லாம் ஆகாது. ஜன்னல் சீட் எனக்கு. க்ளைவுக்கு என் பக்கத்துல போடு, அவனுக்கு விமானம் மேல ஏறும்போது காது அடைக்கும், நான் பார்த்துப்பேன்."

பெவர்லி மடிக்கணினியைத் திறந்தாள். தன்னுடையதும் க்ளைவுடையதும் பதிந்தாயிற்று. இவோனுடையதும் ஆயிற்று. ட்ரெவருடைய பாஸ்போர்ட்டைப் பிரித்தாள். எதையும் நாள் கடத்தாத மனிதர். பாலுக்கு, பத்திரிகைக்கு, பாஸ்போர்ட்டுக்கு, எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். முடியும் தேதி அடுத்த ஜனவரி.

கேய்னரின் குரல் காதில் கேட்டது. பெவர்லி கொடுத்த தேதியைப் பார்த்தாள். பத்து வருடம் போன மாதமே முடிந்திருந்தது.

இன்று சொன்னால், ட்ரெவர் லிவர்பூல் அலுவலகத்தில் நேரம் வாங்கி நேரில் போய் ஒரே நாளில் புதியதை வாங்கிவிடுவார். பயணம் அடுத்த வாரக் கடைசியில்தான், தாராளமாக நேரமிருக்கிறது. சொல்லாவிட்டால் விமானத்துக்கு அருகில் ஒரு பெண் அவரை நிறுத்துவாள். மடக்கு நாற்காலியோடு அவர் டாக்ஸியில் திரும்புவார். பெவர்லி ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது அவளுக்கு நன்றாகப் பழகிய வேலை.

"ஆச்சா?" என்றார் ட்ரெவர்.

"ஆகுது," என்றாள்.

எழுந்து தட்டுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே இவோன் வந்து கதவைச் சாத்தினாள். துடைக்கும் துணியைக் கையில் எடுத்தவள் துடைக்கவில்லை.

"பார்த்துட்டதானே?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"எத?"

"தேதிய. பிரிச்சதும் உன் முகம் போன போக்கு எனக்குத் தெரியும் பெவ். நானும் அப்படித்தான் பார்த்தேன், போன வாரம்."

பெவர்லி குழாயை மூடினாள்.

"தெரிஞ்சும் அவர்கிட்ட சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்? என் வாழ்க்கைல முதல் தடவையா அவர யாராவது ஒரு ஆள் நிறுத்தி, நீ வர முடியாதுன்னு சொல்லப் போறாங்க. நான் காசு குடுத்துப் பாக்கவேண்டிய காட்சி அது." இவோன் துணியை நான்காக மடித்தாள். "அவர் திரும்பிப் போகட்டும். நான் போகமாட்டேன். நான் உங்ககூட ஏறிடுவேன். எனக்குப் பெரிய மீன் பிடிக்கும் பெவ். ராத்திரி எனக்கு நல்லாவே சேரும்."

"நீ எங்க தூங்குவ?"

"உங்க ரூம்லதான். நாலு பேர் ரூம் ஆச்சே. நான் குறட்டை விடமாட்டேன்."

இவோன் கெஞ்சவில்லை, தயங்கவில்லை. இது ஏற்கெனவே முடிவான விஷயம்போலச் சொன்னாள். பெவர்லிக்கு அவள்மேல் இரக்கமும் வந்தது, பளாரென்று ஒன்று வைக்கலாமா என்றும் தோன்றியது. இத்தனை வருடம் கேரவன்களில் எதிரெதிர் கட்டிலில் படுத்த இரண்டு பெண்கள், ஒரே மனிதரைப் பற்றி ஒரே கோபத்தை விழுங்கியிருக்கிறார்கள். இப்போது இருவருமாகச் சேர்ந்து, நாம் சொல்ல வேண்டியதை முகம் தெரியாத ஒரு பெண் சொல்லட்டும் என்று சமையலறையில் ஒளிந்துகொண்டு நிற்கிறார்கள்.

"இவோன், இப்படிக் கிடைக்கிறது எனக்கு வேண்டாம்."

"வேற எப்படியும் நமக்குக் கிடைக்காது."

"அதான் எனக்குக் கோபமே."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அண்ணனும் தம்பியும் தொலைக்காட்சியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெவர்லி அதை அணைத்தாள்.

"ட்ரெவர், உங்க பாஸ்போர்ட் செல்லாது."

"ஜனவரி வரைக்கும் இருக்கு."

"நம்ம ஊர் கணக்குல இருக்கு. அவங்க கணக்குல போன மாசம் முடிஞ்சிருச்சு. பத்து வருஷத்துக்கு மேல சேர்த்துக் குடுத்த மாசத்த அவங்க எடுத்துக்கறதில்ல. நாம வெளிய வந்ததுலேருந்து அப்படித்தான். ஓட்டெடுப்பு சமயத்துல நீங்கதானே வெளிய வரணும்னு ஜன்னல்ல அட்டை கட்டினீங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" முதன்முறையாக ட்ரெவரின் முகம் கொஞ்சம் வாடியது. பாஸ்போர்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே நிமிடம். மறுபடி மலர்ந்துவிட்டது. "நல்லவேளை, பெவ் இருந்தா. கெட்டிக்காரி. லிவர்பூல்ல ஒரே நாள்ல தர்றான். திங்கட்கிழமை க்ளைவ் என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவான். என்னடா?"

க்ளைவ் தலையாட்டினான்.

திங்கட்கிழமை பெவர்லியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக அவன் சொல்லியிருந்தான். அது அவனுக்கு ஞாபகம்கூட வரவில்லை.

"நல்லா போயிட்டு வாங்க," என்றாள் பெவர்லி. குரல் உயரவில்லை. "புதுசு வாங்குங்க. எந்த ஊருக்கு வேணா போங்க ட்ரெவர். எங்ககூட வராதீங்க."

சமையலறைக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. இவோன் அங்கேயே நின்றாள்.

"இவ விளையாடுறா," என்றார் ட்ரெவர்.

"ரில்லுலயே சொல்லியிருக்கணும். அப்ப இருபத்துநாலு வயசு, வாய் வரல. இப்ப வருது. இது எங்க கல்யாண நாள். எனக்கு நீங்க வேண்டாம். உங்க ரூம் வேண்டாம். உங்க டிப்போ வேண்டாம். படகுல ஏறி அந்தப் பாட்ட நான் உக்காந்து கேக்கணும்."

ட்ரெவர் தம்பியிடம் திரும்பினார். "டேய், என்னடா இது? நான் உனக்கு என்ன குறை வச்சேன்?"

"அவன்கிட்ட கேக்காதீங்க. இதுவரைக்கும் நீங்க கேட்டீங்க, அவன் ஆட்டினான். இப்ப நான் கேக்கறேன்." பெவர்லி கைபேசியை எடுத்தாள். "க்ளைவ், அந்த ரூம் இன்னும் காலியா இருக்கான்னு கேக்கப் போறேன்."

மணி அடித்தது. அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள். வெனிஸிலிருந்து வீட்டுக்காரம்மா எடுத்தாள். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம். ஆமாம், கால்வாய்ப் பக்க அறை. நேற்று ஒரு மனிதர் வேண்டாம் என்று சொன்னார். இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

"எத்தனை பேருக்குங்க?" என்றாள் அவள். "ஒருத்தரா, ரெண்டு பேரா?"

பெவர்லி க்ளைவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். வார்த்தைகூட வேண்டாம், அவளைப் பார்த்தாலே போதும்.

க்ளைவ் வாயைத் திறந்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

"ஒருத்தருக்கு," என்றாள் பெவர்லி.

வீட்டுக்காரம்மா பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டாள். பெவர்லி எழுத்து எழுத்தாகச் சொன்னாள். ஒரு எழுத்திலும் குரல் பிசகவில்லை. பேசி முடித்ததும், மேசையில் இருந்த நான்கு பாஸ்போர்ட்டுகளில் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரத்துல சரியாயிடுவா," என்றார் ட்ரெவர், மெதுவாக. ஆனால் அவர் சிரிக்கவில்லை. இவோன் துணியை நாற்காலியில் போட்டுவிட்டு வந்து, தன்னுடைய பாஸ்போர்ட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். கணவரின் பக்கம் திரும்பவே இல்லை.

மேசைமேல் இரண்டு மிஞ்சின. ஒன்று செல்லாதது.

க்ளைவ் எழுந்தான். மற்றதன்மேல் கையை வைத்தான்.

அதை அவன் எந்தப் பக்கம் எடுத்துக்கொண்டு போகப் போகிறான் என்று பார்க்க பெவர்லி நிற்கவில்லை. அவள் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.